இரண்டு மீட்டர்

1

இத்தனை சனம் நிக்கேக்கை இது ஏன் என்னட்டை வருது? என்னிலை என்ன மணக்குது இதுக்கு? வராதை. அங்காலை போ. கொம்மா வருவா. நான் ஒருத்தருக்கும்

இது இந்தக் கதையின் நான்காவது தொடக்கம். கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே ஒரு சிறிய கடற்கரை. அங்கே ஐம்பத்தொன்பது வயது ஜெயமலர் நிற்கிறார். ஒரு கடற்சிங்கக் குட்டி வயிற்றால் தள்ளித் தள்ளி அவரை நோக்கி வருகிறது. மேலே இருப்பது அப்போது அவர் மனதுக்குள் ஓடியது. ஓடியிருக்கும் என்று நான் எழுதியது. கடைசி வாக்கியத்தை முடிக்க முயன்றேன், முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

முதல் மூன்று தொடக்கங்களிலும் கடல் இருந்தது. ஒன்றில் 'நெருப்பு பெற்ற தீவுகள்' என்றுகூட எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கலாபகோஸ் தீவுகளுக்கு நான் போனதில்லை. சுவிற்சர்லாந்தில், பேர்ன் நகரத்தின் பூம்ப்ளிஸ் பகுதியில் வசிக்கிறேன். பகலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அந்தத் தீவுகளில் எனக்குத் தெரிந்தது நாற்பத்தொரு விநாடிக் காணொளி மட்டும். அது ஜெயமலரின் மகள் யாதவியின் கைபேசியில் இருக்கிறது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதத்தில். கடிதத்தைக் கதையாக்க ஜெயமலர் அக்காவிடம் அனுமதி கேட்டேனா என்றால், கேட்டேன். "பேரை மாத்திப்போட்டு எழுதும்" என்றார். மாற்றியிருக்கிறேன்.

2

எங்கள் ஆட்களுக்குள் நான் 'கடிதம் எழுதித் தாறவ'. சுவரில் ஈரம் என்று வீட்டு நிர்வாகத்துக்கு, காசு தரமாட்டோம் என்ற காப்புறுதிக்கு, மகனை மேல்வகுப்புக்கு விடச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு. எல்லாவற்றையும் ஜேர்மனில் 'நான்' என்றே எழுதுவேன். இருபது வருடங்களில் நான் வெதுப்பகத் தொழிலாளியாக, முதுகு நொந்த லொறிச் சாரதியாக, இரட்டைப் பிள்ளைகளின் தகப்பனாக இருந்திருக்கிறேன். யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. "நீங்கள் எழுதினா சரியாத்தானே இருக்கும்" என்று கீழே கையெழுத்து வைப்பார்கள், தேத்தண்ணியைக் குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

(கதை எழுதப் பழகினது இப்படித்தான் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். சனம் சிரித்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை.)

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், துன் நகரத்திலிருந்து ஜெயமலர் அக்கா வந்தார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் சமையலறை மேசையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்டார்.

மார்ட்டின் கெர்பர் என்பவர் எழுதியிருந்தார். அவருடைய தாய் அந்த இல்லத்தில் இருந்தவர். 2020 ஏப்ரலில், கொரோனா முதல் அலையில், இறந்துபோனார். மகனும் அதே நோயில் வீட்டில் அடைபட்டிருந்ததால் வர முடியவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மொழிபெயர்த்துத் தருகிறேன்:

'அம்மா இருந்திருந்தால் இந்த ஓகஸ்டில் அவருக்கு நூறு வயது. குடும்பம் கூடுகிறோம். அன்றைக்கு அறையில் கடைசியாக இருந்தவர் நீங்கள் என்று அறிந்தேன். அம்மாவின் கையை யாராவது பிடித்திருந்தார்களா என்பதுதான் மூன்று வருடமாக என் கேள்வி. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பேன்.'

"ஒரு வரிதானே அக்கா," என்றேன். கணினியைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் ஐந்து வரி எழுதினேன். 'நான் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அமைதியாகப் போனார்.' நல்ல ஜேர்மன். அச்சிட்டுப் பேனையையும் நீட்டினேன்.

"வாசியும்," என்றார்.

"என்னக்கா?"

"தமிழிலை சொல்லி வாசியும் பிள்ளை."

இருபது வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள். வாசித்தேன்.

"நான் பிடிக்கேல்லை," என்றார்.

3

இந்த இடத்தில் வாசகர் ஜெயமலரை வெறுத்துவிடக்கூடாது என்று எனக்குப் பயம் வருகிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

கெர்பர் அம்மா பூமிசாத்திர ஆசிரியை. அவருடைய கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கலாபகோஸ் தீவுகளின் வரைபடம் ஒன்று தொங்கியது. போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி, போகாமல் விட்டவர். ஜெயமலர் காலையில் கட்டில் விரிப்பை மாற்றும்போது அவர் விரலால் ஒவ்வொரு தீவாகக் காட்டுவார்; ஜெயமலர் பெயர் சொல்ல வேண்டும். இசபெலா. ஃபெர்னாண்டினா. சான் கிறிஸ்டோபல். பிழைவிட்டால் திரும்ப முதலிலிருந்து. வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்வார், அங்கே பறக்கத் தெரியாத நீர்க்காகம் இருக்காம், உப்பைத் தும்முற உடும்பு இருக்காம் என்று. மகள் யாதவி இப்போது பேர்னில் உயிரியல் ஆசிரியை. தாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, இந்த ஈஸ்டர் விடுமுறையில் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் சமையலறையையும் கொண்டுபோனார்கள். அந்தத் தீவுகளுக்கு விதை எதுவும் போகக்கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். ஜெயமலரின் பெட்டியில் முழு மல்லி கால் கிலோ இருந்தது.

"வறுத்தது எண்டு சொல்லு பிள்ளை. வறுத்தது முளைக்காது."

"அம்மா, அவருக்கு அது விளங்காது."

"வாயிலை போட்டுப் பாக்கச் சொல்லு."

யாதவி சொன்னாளாம். அதிகாரி ஒன்றை வாயில் போட்டு மென்று, நல்லது என்று தலையாட்டி, பையைக் குப்பைத் தொட்டியில் போட்டாராம். "முளைக்காது எண்டு தெரிஞ்சுகொண்டே எறிஞ்சவன்," என்று விமானம் இறங்கும் வரை ஜெயமலர் சொல்லிக்கொண்டே போனாராம்.

[இந்தப் பகுதி தேவையா என்று யோசித்தேன். சிரிக்க வைத்துவிட்டு அழவைக்கப் பார்க்கிறேன் என்று தோன்றும். ஆனாலும் அன்று மேசையில் அவர் சொன்ன ஒழுங்கில்தான் எழுதுகிறேன். மல்லியைத்தான் அவர் முதலில் சொன்னார்.]

4

இனி அந்த நாற்பத்தொரு விநாடி.

சான் கிறிஸ்டோபல் தீவு. படம் ஆடுகிறது. கறுத்த பாறைகளில் அதே கறுப்பில் உடும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு பெரிய கடற்சிங்கம் மனிதர் யாரையும் பொருட்படுத்தாமல் மணலில் புரள்கிறது. பிறகு அந்தக் குட்டி. மெலிந்தது, தோல் மடிப்பு விழுந்தது. சுற்றுலாக்காரர் பத்துப் பேரைக் கடந்து நேரே ஜெயமலரிடம் வருகிறது. விலங்குகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வழிகாட்டிப் பெண் கையைக் காட்டுகிறாள். படம் எடுத்துக்கொண்டே யாதவி கத்துகிறாள்: "ட்ஸ்வாய் மீட்டர், அம்மா! ரெண்டு மீட்டர்! பின்னாலை போங்கோ!"

ஜெயமலர் பின்னால் போகிறார். குட்டி முன்னால் வருகிறது. போகிறார். வருகிறது. நாலாவது தரம் முதுகு பாறையில் முட்டுகிறது. குட்டி தலையை அவருடைய செருப்பில் வைக்கிறது.

அதோடு படம் முடிகிறது.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன. காலை மெல்ல இழுத்துக்கொண்டு, பாறையோடை பாறையா அங்காலை போனன்."

"தொடேல்லையோ?"

"தொடேல்லை." என்னைப் பார்த்தார். "தொட்டிருந்தா உமக்கு எழுத வசதியா இருந்திருக்கும், என்ன?"

இருந்திருக்கும். நான் மறுக்கவில்லை. நாற்பத்திரண்டாவது விநாடியை நான் எத்தனையோ தரம் எழுதிப் பார்த்தேன். அவர் குனிகிறார். மூன்று வருடத்துக்கு முன் நீட்டாத கை இப்போது நீள்கிறது. ஈரமான அந்தத் தலையை

இல்லை. மனிதர் கை பட்டால் அந்த மணம் குட்டியில் ஒட்டிக்கொள்ளும், கடலிலிருந்து திரும்பும் தாய் அதைத் தன்னுடையது என்று ஏற்காமல் விடலாம் என்று வழிகாட்டி முதலே சொல்லியிருந்தாள். நான் எழுதிய அந்த அழகான விநாடியில் குட்டி செத்துப்போகும். ஜெயமலருக்கு அது தெரியும். எனக்குத்தான் மறந்துபோனது.

"தாய் வந்ததோ?"

"நாங்கள் நிண்ட மட்டும் வரேல்லை. சிலது மூண்டு நாள் கழிச்சும் வருமாம். சிலது வராதாம்."

5

"அப்ப சரி அக்கா," என்றேன். "அங்கையும் ரெண்டு மீட்டர், இங்கையும் கொரோனாக்குள்ளை ரெண்டு மீட்டர். சட்டம் அப்பிடி இருந்தது, பிடிக்க விடேல்லை எண்டு எழுதுவம். அந்த மனிசனுக்கு விளங்கும். எல்லாருக்கும் அந்தக் காலம் தெரியும்தானே."

யாதவியும் அந்தக் கடற்கரையில் இதைத்தான் சொன்னாளாம். அம்மா, ரெண்டும் ஒண்டுதான், நீங்கள் ரூலைத்தான் கேட்டனீங்கள் என்று. தாயின் முகத்தைப் பார்த்து, என்ன நினைக்கிறார் என்று விளங்கி, ஆறுதலுக்காகச் சொன்னாள்.

ஜெயமலர் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை. நான் குறிப்பு எடுக்கவில்லை. எடுக்காததால் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"பின்னேரம் மூண்டு மணி. தட்டை எடுக்கப் போனனான். மனிசி கண் திறந்து பாத்தவ. பிள்ளையள் வகுப்பிலை கை உயர்த்திற மாதிரி இந்தக் கையைத் தூக்கினவ. எனக்கு விளங்கினது. கையுறை வாசல் மேசையிலை பெட்டியோடை இருந்தது. முகமூடி போட்டிருந்தனான். சாகப்போறவையின்ரை கையைக் கையுறையோடை பிடிக்கலாம் எண்டு பெரிய நேர்ஸ் அண்டு காலமைதான் சொன்னவ. 'இப்ப வாறன்' எண்டு ஜேர்மனிலை சொன்னன். சொல்லிப்போட்டு வாசலிலையே நிண்டன். கை கொஞ்ச நேரம் நிண்டுது. பிறகு இறங்கீட்டுது."

அவர் கோப்பையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார்.

"மூண்டு வருசமா நானும் சட்டம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான் பிள்ளை. அந்தக் குட்டி வந்தோடனைதான் தெரிஞ்சுது. சட்டத்துக்காக விலகினா உடம்பு எப்பிடி இருக்கும் எண்டு அங்கைதான் எனக்குத் தெரிஞ்சுது. கை அதுக்குக் கிட்டப் போகப் பாக்குது, நான் இழுத்துப் பிடிக்கிறன். கெர்பர் அம்மான்ரை வாசலிலை நான் ஒண்டையும் இழுத்துப் பிடிக்கேல்லை. கை வரவே இல்லை. பயம்."

அவருடைய கணவர் சிவநேசன் அப்போது வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். வீட்டுக்குள் அந்த நோய் வந்தால் முடிந்தது. இதை நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவருக்காகத்தானே அக்கா பயந்தனீங்கள் என்றேன்.

"அவரைச் சாட்டவேண்டாம்," என்றார். "அவரும் பாவம்."

6

ஆக, மேசையில் இரண்டு கடிதங்கள். கையைப் பிடித்தேன் என்பது ஒன்று. சட்டம் விடவில்லை என்பது மற்றது. நான் மூன்றாவதை எழுதினேன். அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு. நீளம் என்றால் தாண்டிப் போகலாம்.

* என் அம்மா 2014இல் யாழ்ப்பாணத்தில் இறந்தார். எனக்கு விடுமுறை கிடைத்துப் பயணச்சீட்டு எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மச்சாள் நிலோஜினி தொலைபேசியில் சொன்னாள்: "கடைசி மட்டும் நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான், நீ யோசியாதை." ஒன்பது வருடமாக நான் அந்த வாக்கியத்தில்தான் நித்திரை கொள்கிறேன். அவள் எழுதித்தராமல் வாயால் சொன்னாள், அவ்வளவுதான். மார்ட்டின் கெர்பருக்கும் அப்படி ஒன்று கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். இதை ஜெயமலரிடமும் சொன்னேன். அவர் கேட்டார்: "உம்மடை மச்சாள் உண்மையாப் பிடிச்சவவோ?" நான் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்பேனா தெரியாது.

மூன்றாவது கடிதம் ஒரே வரி. 'உங்கள் அம்மாவின் கடைசி நேரத்தில் நான் அவருடன் அறையில் இருந்தேன்.'

ஒரு சொல் பொய் இல்லை. வாசல் அறையைச் சேர்ந்ததுதான். மகன் வாசிப்பார். கூடியிருக்கிறவர்கள் தங்கள் மனதுக்குள் ஒரு கையை இன்னொரு கையில் வைத்துக்கொள்வார்கள். எழுதுகிறவள் சொல்லாமல் விட்டதை வாசிக்கிறவர் நிரப்புவார். என் தொழிலே அதுதான். அதைவிட நல்ல வரி நான் எழுதியதில்லை என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்கள் முதலாவது கடிதத்தை அனுப்பச் சொன்னால் உங்களில் எனக்குக் கோபமில்லை. இரண்டாவதை என்றாலும் விளங்கும். நாலாவது ஒன்று இருக்கிறது. அதில் வாசலும் கையுறைப் பெட்டியும் 'இப்ப வாறன்' என்பதும் இருக்கும். அதை ஓகஸ்டில், கேக்குக்கு முன்னால், எழுபது வயது மகன் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை என்னால் ஜேர்மனில் எழுத முடியவில்லை. தமிழில் இவ்வளவு சுற்றிவளைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஜெயமலர் அதை வேறு யாரையாவது கொண்டு எழுதுவித்தாரா, தன் உடைந்த ஜேர்மனில் தானே எழுதினாரா, நேரே போய்க் கதவைத் தட்டினாரா, ஒன்றும் செய்யாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்டது இதற்கு மேல் ஒரு நிமிடம்.

7

மூன்றாவது தாளை நானாகவே தமிழில் சொல்லி வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் என்றார். வாசித்தேன்.

"அறையிலை," என்றார்.

"ஓம் அக்கா. அறையிலைதானே நிண்டனீங்கள்."

"ஓம்."

"இதிலை பொய் ஒண்டும் இல்லை."

"இல்லை. பொய் இல்லை." தாளைத் தன் பக்கம் இழுத்து, விளங்காத பாசைபோல எழுத்துகளின் மேல் பார்வையை ஓட்டினார். "வடிவா எழுதியிருக்கிறீர்."

"அப்ப கையெழுத்தை வையுங்கோவன் அக்கா. அந்த மனிசன் காத்துக்கொண்டிருக்குது."

பேனையை எடுத்தார். எடுத்ததை நான் கண்டேன். பிறகு அதன் மூடியைத் தேடிப் பூட்டி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாக என் பக்கம் தள்ளினார்.

"நான் இதிலை வைக்கேல்லை பிள்ளை," என்றார்.