இலைக்கு அடியில் காய்

செல்வக்குமார் தம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "இது என்ன, கண்மாய்த் தண்ணியா?"

"கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலக்கியிருக்கேன். மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல குடிங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

"இதுக்கு உங்கம்மா வைக்கிற ரசமே தேவல."

"அதையும் திரும்பத் திரும்ப வாங்கித்தான குடிச்சீக."

அவன் சிரித்துக்கொண்டே குடித்தான். முகம் கோணிப் போயிற்று. மஞ்சள்காமாலைக்குப் பத்தியம் என்று உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் அவள் நிறுத்தி வைத்திருந்தாள். "ஊறுகாய்ப் பாட்டில மோந்தாவது பாத்துக்கிறேன், அதுக்கும் பத்தியமா?" என்று கெஞ்சினான். அவள் மூடியைத் திறந்து அவன் மூக்கருகே நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பவன் போல நின்று முகர்ந்தான். கண்ணைத் திறந்தபோது வெள்ளைவிழி மஞ்சளாகத்தான் இருந்தது.

மத்தியானம் குளிர்க்காய்ச்சல் வந்து கட்டில் ஆடியது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆள் இல்லை.

"பித்தப்பைக் கல்லு இறங்கிக் குழாயை அடைச்சிருச்சும்மா. சீழ் பிடிச்சு ரத்தத்துல கலந்திருச்சு. முன்னாடியே வந்திருந்தா கல்லை எடுத்திருக்கலாம்" என்றார் டாக்டர். "கீழாநெல்லி குடுத்தேன் சார்" என்று அவள் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அடைச்ச குழாயை எந்த இலையும் திறக்காதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அது புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசியது அவள் காதில் விழாமல் இல்லை. "கீழாநெல்லி கேக்காத காமாலையா? எம்புட்டுப் பேரு பொழச்சிருக்காக." "செடிய மாத்திப் பறிச்சிருப்பா. மேலாநெல்லின்னு ஒண்ணு கெடக்குல்ல, அச்சு அசல் அதே மாதிரி." "டவுனுக்கு வேலைக்குப் போற புள்ளைக்குக் காடு கரை என்ன தெரியும்?"

பாண்டீஸ்வரிக்குச் சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்ப்பாள். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண் அந்த இடத்தில் போய் நின்றுவிடும். அந்தக் கண்ணால்தான் செடியையும் பார்த்தாள். சமயநல்லூருக்கு மேற்கே அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க்கரை. மழை பெய்து கொஞ்ச நாளில் கரை முழுக்க முளைத்துவிடும். சாண் உயரம், புளியிலை போலப் பொடி இலை. ஒவ்வொரு செடியையும் பிடுங்கி, இணுக்கைத் திருப்பி, அடியில் கடுகு கோத்தது மாதிரிக் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றனவா என்று பார்த்த பிறகுதான் மடியில் போட்டாள். மேலாநெல்லியும் பக்கத்திலேயே நின்றது. அதில் காய் இப்படி அடியில் ஒளியாது, மேலேயே தெரியும். அதைத் தொடக்கூட இல்லை.

மறுநாளைக்கென்று ஈரத்துணியில் சுற்றி ஒரு கைப்பிடி வைத்திருந்தாள். அது இருந்தால் எடுத்துக் காட்டியிருக்கலாம். தீட்டுக் கழிக்கிறோம் என்று வீட்டைக் கழுவிய பெண்கள் துணியோடு சேர்த்து அதையும் குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

கருமாதி முடிந்ததும் அவள் அதே இடத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, செல்லூருக்கு பஸ் ஏறினாள். செல்வக்குமாரின் அக்கா அன்னக்கொடி வீடு அங்கே, விசைத்தறி ஓயாத சந்துக்குள். காமாலை என்றதும் முதலில் போன் போட்டவள் அன்னக்கொடிதான். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகாதீக. குத்திக் குத்தியே கொன்னுபுடுவாங்க. கீழாநெல்லிய அரைச்சு வெறும் வயித்துல குடு" என்று சொன்னதும் அவள்தான்.

"மதினி, இந்தா பாருங்க. இந்த எடத்துலதான் பறிச்சேன்" என்று பாண்டீஸ்வரி இணுக்கைத் திருப்பிக் காட்டினாள்.

அன்னக்கொடி செடியை வாங்கவே இல்லை. "இன்னைக்குக் கொண்டாந்தது சரியாத்தான் இருக்கு. அன்னைக்கு எதப் பறிச்சயோ, யாரு கண்டா?"

"அன்னைக்கும் இதேதான் மதினி. டாக்டர் சொன்னாருல்ல, கல்லு அடைச்சுதுன்னு."

"அவரு ஆயிரஞ் சொல்லுவாரு. எங்கப்பனுக்கு வந்த காமாலைய இந்தச் செடிதான எறக்குச்சு? அப்ப எந்தக் கல்லு எங்க போச்சு? தம்பிக்கு மட்டும் கேக்கலைன்னா, செடி மேல தப்பா, பறிச்சவ மேல தப்பா?"

இல்லாத ஒரு செடியோடு அவள் வழக்காட வேண்டியிருந்தது. அன்னக்கொடியின் கணவர் விருமாண்டி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "விடும்மா, போனவன் வரவா போறான்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. அன்னக்கொடி ஏன் பிடிவாதமாக நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. செடி சரியானது என்றால், போனில் சொன்ன வார்த்தை தப்பாகிவிடும். தம்பியை இழந்தவள் அந்தப் பாரத்தையும் எப்படிச் சுமப்பாள்? தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் விருமாண்டி போன் செய்தார். "பவதாரிணிக்குக் கண்ணு மஞ்சளா இருக்கும்மா. உங்க மதினி மருந்து குடுத்துக்கிட்டிருக்கா. சும்மா சொல்லி வைப்போம்னுதான்." சும்மா சொல்லும் குரலாக அது இல்லை.

பவதாரிணி அவர்களுடைய ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். பாண்டீஸ்வரி போனபோது போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். "அத்தை" என்று சிரிக்கப் பார்த்தாள், பல் கிட்டித்தது. கையெல்லாம் சொறிந்த கோடுகள். வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டிருந்தாள். செல்வக்குமாரும் அங்கேதான் அழுத்திக்கொண்டிருந்தான்.

"குளிரு எப்ப இருந்து மதினி?"

"காலைல இருந்துதான். செடி வேலை செய்ய ஆரம்பிச்சா ஒடம்பு நடுங்கத்தான் செய்யும்." அன்னக்கொடி மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் ஒரு கட்டுச் செடி, வேரில் ஈரமண். "யாரையும் நம்பல நான். ஆத்துப் பக்கம் நானே போயி, நானே பாத்துப் பறிச்சேன்."

பாண்டீஸ்வரி ஓர் இணுக்கை எடுத்துத் திருப்பினாள். காய்கள் வரிசை பிசகாமல் தொங்கின. அசல் கீழாநெல்லி.

"மதினி, அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இதே குளிரு, இதே எடத்துல வலி. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"அவனுக்கு நீ குடுத்தது வேற. எம்மகளுக்கு நான் குடுக்கிறது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் மதினி!"

"ஏண்டி, மறுபடியும் ஆரம்பிக்கிறயா? கத்தாத. புள்ள படுத்திருக்கா."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

விருமாண்டி சுவரில் சாய்ந்து நின்றார். "உங்க மதினி வாயில இருந்து வரணும்மா. நான் சொல்லி எது நடந்திருக்கு இந்த வீட்டுல?"

அன்னக்கொடி செடியை ஜாருக்குள் திணித்தாள். வெளியே தறிகள் தடதடத்தன. பாண்டீஸ்வரி கையிலிருந்த இணுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. அது இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. இனி வந்தாலும் அந்தப் பெண்ணுக்குள் சீழ் பிடிப்பதற்கு முன்னால் வந்து சேராது.

"மதினி" என்றாள். "நான் தப்பாத்தான் பறிச்சேன்."

அன்னக்கொடியின் கை நின்றது.

"நீங்க சொன்னது சரி. அன்னைக்கு நான் வேற எதையோ பறிச்சுட்டேன். ஊரு முன்னால ஒத்துக்க மனசு வரல."

"சொன்னேன்ல..." அன்னக்கொடி ஆரம்பித்தாள், குரல் உடைந்தது. "சொன்னேன்ல நான்..."

"ஆனா கேளுங்க மதினி. பாக்காமப் பறிக்கல. உங்கள மாதிரியே இலையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அடியில காய் இருந்துச்சு, இதே மாதிரி வரிசையா. இது மாதிரியேதான் இருந்துச்சு. அப்படியும் தப்பாப் போச்சு." இணுக்கை அன்னக்கொடியின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "இப்பச் சொல்லுங்க, இது எது?"

"கீழாநெல்லி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அன்னக்கொடி இணுக்கை வாங்கினாள். திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பிறந்ததிலிருந்து பார்த்த செடியை முதல்முறை பார்ப்பவள் போல வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஜாரிலிருந்து இன்னொன்றை உருவி அதையும் பார்த்தாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "மரம் மாதிரி நிக்கிறீக? ஆட்டோவக் கூப்புடுங்க!"

பவதாரிணிக்கும் கல்தான். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். "குடும்பத்துல யாருக்கும் இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "மாமாவுக்கு" என்று பாண்டீஸ்வரி சொன்னாள். அன்னக்கொடி கீழே குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை எழுந்து நடமாடியதும் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அன்னக்கொடி சொன்னாள்: "ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேக்குற வரைக்கும் தாங்கிப் பிடிச்சதே நான் குடுத்த கீழாநெல்லிதான். நல்லவேளை, சரியாப் பாத்துப் பறிச்சேன். பாவம், எந்தம்பி பொண்டாட்டி. அவளே வாய்விட்டு ஒத்துக்கிட்டா, மாத்திப் பறிச்சுட்டேன்னு." பாண்டீஸ்வரி அப்போது காபித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளரை வேண்டுமென்றே ஓசைப்பட வைத்தாள். யாரும் திரும்பவில்லை. விருமாண்டி மட்டும் உள்ளே வந்து, அவள் கையிலிருந்து தம்ளரை வாங்கித் தானே துடைத்து வைத்தார். "விடும்மா" என்றுகூடச் சொல்லவில்லை.

பவதாரிணி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். "அத்தை, நெசமாவே மாத்தித்தான் பறிச்சயா?"

"ஒங்கம்மாட்ட மாத்திரையக் கேட்டு வாங்கிப் போடு. எண்ணெப் பலகாரம் தின்னாத" என்றாள் பாண்டீஸ்வரி. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு முன்னால் இறங்காமல் கண்மாய் மடையருகே இறங்கினாள். கரையேறி நடக்கையில் ஆட்டுக்காரர் ஒருவர், "என்னத்தா, மருந்துச் செடியா? யாரையாச்சும் தெரிஞ்சவகளக் கூட்டியாந்து பாத்துப் பறி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி அவள் சாகும்வரை அதுதான் அவள் கதை. பிழையே இல்லாத ஒரு வரியில் தன் கையாலேயே பிழை போட்டு அச்சுக்கு அனுப்பியாயிற்று, இனித் திருத்த முடியாது.

அவள் குனிந்தாள். பிடுங்கவில்லை. நின்ற செடியிலேயே ஓர் இணுக்கை விரலால் திருப்பினாள்.

காய்கள் இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கின.