அப்பாவின் ஸ்வெட்டர்

முதியோர் இல்லத்தில் ஏழு பேரைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவன், கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அங்கே உதவியாளாக இருந்தவன். ஏன்டா கொன்றாய் என்று போலீஸ் கேட்டதற்கு, "ராத்திரியெல்லாம் இருமுறாங்க, தூக்கம் கெடுது" என்றானாம். ஏழாவது ஆள் என் அப்பா.

அப்பா போன அன்று அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தலை வாரிவிட்டவனும் இவன்தான். எங்களைவிட அதிகமாக அழுதான். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள். தன் கையால் பின்னிய அப்பாவின் ஸ்வெட்டரையும் அவனுக்கே கொடுத்தாள். தங்கமான மனுஷனாம். தூ!

அதைப் போட்டுக்கொண்டுதான் இன்று வந்திருந்தான்.

அம்மாவைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்கம்மா, சாப்பிட்டீங்களா? முழங்கையில நூல் பிரிஞ்சிருச்சு பாருங்க. நீங்கதான் சரிபண்ணித் தரணும்."

பாழாய்ப்போன பழக்கம், அம்மாவின் விரல் அந்தப் பிரிசலைத் தொட்டுவிட்டது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"கழட்டுடா அதை" என்றாள்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுக்கவில்லை. அவன் நிதானமாகப் பட்டன்களை அவிழ்த்தான். அப்பாவின் துணிகளை மடிப்பதுபோலவே கைகளை உள்ளே வைத்து அழகாக மடித்தான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தம்பி போட்டுக்கட்டும்மா. அப்படியே அப்பா உடம்பு."

அம்மா அதைத் தொடக்கூடாதே என்று நான்தான் வாங்கினேன். இன்னும் சூடாக இருந்தது.