பிள்ளை உறங்கிய மத்தியானம்

கல்யாணமான கையோடு விஜயராணியை லாரியில் ஏற்றிக்கொண்டவன் மாரிக்கண்ணன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த படுக்கைதான் அவர்களுக்கு வீடு. தூத்துக்குடியில் உப்பு ஏற்றி நாசிக்கில் இறக்குவார்கள். அங்கே வெங்காயம் ஏற்றி இன்னோர் ஊர். மகள் பிறந்த பிறகும் கேபினுக்குள்ளேயே சேலையில் தூளி கட்டி ஓட்டினார்கள்.

பிள்ளை தவழ ஆரம்பித்து, கியரைப் பிடிப்பதும் கதவைத் தட்டுவதுமாக இருந்தபோதுதான் வீடு வேண்டுமென்று விஜயராணி ஒரே பிடியாக நின்றாள். மும்பை தாராவியில் மாடி ரூம் ஒன்று பிடித்தார்கள். பிள்ளை அங்கே பழகிவிட்டால் லாரியை விற்றுவிட்டு மச்சானின் தோல் பை பட்டறையில் சேர வேண்டும், பழகாவிட்டால் பழையபடி ரோடுதான் என்று பேச்சு.

பிள்ளை பழகுவதாக இல்லை. ரூமில் தூளியில் போட்டால் வீல் வீலென்று கத்துவாள். சயான் பக்கம் ரோட்டோரம் நிற்கும் லாரிக்கு, அவர்கள் பேச்சில் காடிக்கு, தூக்கிப் போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் கண் சொக்கிவிடும். பிள்ளையை டிரைவரம்மா என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். லாரியை விற்க வேண்டியிருக்காது என்று மாரிக்கண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அன்று மத்தியானம் விஜயராணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவன் தூளியை ரெண்டு ஆட்டு ஆட்டினான். பிள்ளை உறங்கிவிட்டது. கீழே தையல் மெஷின் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, எதற்கும் அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், லாரி கைவிட்டுப் போய்விடுமே என்று தூளியையே பார்த்துக்கொண்டு நின்றான். படியில் விஜயராணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளையை வெடுக்கென்று அள்ளித் தூக்கினான். அது அலறியது.

"இன்னும் ஒறங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எங்க, ஒறங்க மாட்டுக்கா."

சொன்ன வாய் அவனுக்கே கசந்தது.

விஜயராணி பையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் என்னாலதான் அத்தான். வளகாப்பு போட்டு அம்மா கூப்புட்டப்ப போவாம, காடியிலதான் வருவேன்னு அடம்புடிச்சவ நாந்தான? வயித்துக்குள்ளயே பிள்ளைய ரோட்டுக்குப் பழக்கிட்டேன். மன்னிச்சிருங்க. திரும்பக் காடிக்கே போயிருவோம்."

இதைக் கேட்கத்தான் அவன் காத்துக்கிடந்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தப்பு செய்தவன் இங்கே நிற்க, அவள் மன்னிப்புக் கேட்கிறாளே என்று நெஞ்சு அறுத்தது. அழுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"ஒறங்குனா, ராணி. இந்தத் தூளியில நல்லா ஒறங்குனா. நீ வாரது கேட்டு நாந்தான் எழுப்பிட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தான். அவள் எழுந்து வந்து பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அவளுக்கு வீடு புடிச்சிருக்கு," என்றாள். "நீங்க காடியோட போங்க அத்தான். நாங்க இங்கன இருக்கோம்."