இடது ஓரத்துப் பெண்

செல்வரத்தினம் அன்று காலை பூதக்கண்ணாடியை மனைவி தவநாயகியிடம் நீட்டி, பழைய படமொன்றின் இடது ஓரத்தைக் காட்டினார்.

"இந்தப் பொம்பிளைக்கு எத்தினை வயசிருக்கும், சொல்லும் பாப்பம்?"

அவள் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். "உங்களுக்கு அறுபத்தி நாலு. முதல்ல அதை யோசியுங்கோ."

சிரித்தபடியே சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு போனவர், பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். 2009 மார்ச்சில் நடந்தது அது.

படம், தேம்ஸுக்குத் தெற்கே இருக்கும் விண்பயணச் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர்களுடையது. தபால் பிரிக்கும் ஷிப்ட் முடிந்ததும் முப்பது வருடமாக அங்கே போய்வந்தார். சங்கத்தின் கதையைக் கூடவே இருந்தவர் போலச் சொல்லுவார். வெடிமருந்துச் சட்டத்தால் ஒரு வாணம்கூட விடமுடியாத மனிதர்கள், தேநீர்க்கடை மேசையில் சந்திரனுக்குக் கப்பல் வரைந்தார்களாம். உலக யுத்தம் வந்து சிதறிப்போனார்களாம். திரும்பக் கூடியபோது முதலில் செய்தது, யார் யார் எங்கே என்று தேடியதுதானாம். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் இறங்கும். ஊர் யுத்தத்தில் சிதறிப்போன தங்கள் ஆட்களை நினைக்கிறார் என்று தவநாயகிக்குத் தெரியும்.

அவர் இறந்த மூன்றாம் வாரம், படத்தையும் அவருடைய ஃபைலையும் எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அங்கே போனாள். சங்க வரலாற்றைத் தொகுக்கும் சென்னைக்காரர் ரங்கராஜன் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா, அவர் சேர்தான். புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகுது. படத்துல இருக்கிற பதினோரு பேர்ல பத்துப் பேரை அவரே கண்டுபிடிச்சுட்டார். இந்தம்மாவுக்கு மட்டும் 'பெயர் தெரியவில்லை'ன்னு போட்டுடறேன்."

ஃபைல் முழுக்க அவர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். தேவாலயங்களுக்கு, முதியோர் இல்லங்களுக்கு, யார் யாருடைய பேரப்பிள்ளைகளுக்கோ. கடைசிக் கடிதத்தில் அவர் போவதற்கு முதல்நாள் திகதி இருந்தது.

"தெரியேல்லை எண்டு போடாதேங்கோ," என்றாள். "தேடுறம் எண்டு போடுங்கோ."

"அப்ப, தெரிஞ்சவங்க கடிதம் போட விலாசம் வேணுமேம்மா."

"எங்கட வீட்டு விலாசம்."

"யார் பேருக்கு?"

'சந்திரனுக்குப் போற ஆக்கள்' என்று அவள் இவர்களை எத்தனை தரம் நையாண்டி பண்ணியிருப்பாள். ஜன்னல் கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது.

"செல்வரத்தினம் எண்டே போடுங்கோ. வந்தா நான் உடைச்சு வாசிப்பன்."

ரங்கராஜன் எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, போஸ்ட்கோடை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள்.

ரெய்னர்ஸ் லேனில் அவள் வீட்டுக்குத் தபால் இப்போதும் பதினொரு மணிக்குத்தான் வருகிறது.