நெற்றிப்பொட்டில் ஒரு முழங்கால்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. உடல்நலப் பத்திரிகை ஒன்று கேட்டிருந்தது: விளையாட்டில் தலைக்கும் முகத்துக்கும் படுகிற அடி, அதை எப்படிக் கண்டுகொள்வது, என்ன செய்வது. நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டு, ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதித் தருகிறவன். அதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திமிரும் உண்டு. ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன்.

முதல் வரி:

"தலையில் அடிபட்டவர் உடனே எழுந்து நடந்துவிட்டார் என்பதாலேயே அவருக்கு ஒன்றும் இல்லை என்று

[வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அதை முடிப்பதற்குள் ஒருவன் நிஜமாகவே எழுந்து நடந்துவிட்டான்.]

மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். புருவத்தில் ரத்தம். நல்ல உயரம், கறுப்பு டவுசர், சிரித்த முகம். பேர் சாமிதுரை என்று அவனே சொன்னான். கட்டுரைக்கு இப்படி ஒரு ஆள் வேண்டியதில்லை. ஆனாலும் வந்தவனைப் போ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2

இடம் திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு ஊர். பேர் வைக்கவில்லை. வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். காலம், கழக ஆட்சி வந்து நாலைந்து வருஷம். கோட்டையில் நில உச்சவரம்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பா அறுவடை நெருங்கிவிட்டது. அறுப்புக் கூலி முடிவாகவில்லை. பண்ணைக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் மறுநாள் பேச்சுவார்த்தை. சங்கத்தின் சார்பில் பேச வேண்டியவன் சாமிதுரை.

அன்றைக்குக் காணும் பொங்கல். வருஷா வருஷம் நடக்கிற சடுகுடு ஆட்டத்தை நிறுத்தினால் பயந்துவிட்டான் என்பார்களே என்று இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. இந்தப் பக்கம் சங்கம், அந்தப் பக்கம் பண்ணை. பண்ணைக்கு ஆடியவர்களில் முக்கியமானவன் பஞ்சநதம், பண்ணையின் சொந்தக்காரரான மிராசுதாரின் அக்காள் மகன்.

[முதலில் சாமிதுரையின் தலைக்குள் உட்கார்ந்து கதை சொல்லப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது: அடிபட்ட தலைக்கு அடிபட்டது நினைவிருக்காது. கிழித்துப் போட்டேன்.]

ஆகவே இனி லியாகத் அலியோடு போகிறோம். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அரிவாளைச் சங்கத்துக்காரர்களுக்கும், ஏர்க்கொழுவைப் பண்ணைக்கும் விற்பவர். எந்தப் பக்கத்துக்கும் மாமனுமில்லை, மச்சானுமில்லை. அதனால் நடுவர் விசில் அவர் கழுத்தில். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனையும் அவர்தான் போட்டார்.

"ஆட்டத்துல பட்ட அடி ஆட்டத்தோட போச்சு. ஸ்டேஷனும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கேருந்து ஸ்டேஷனுக்குச் சீட்டு போயிடும். அப்புறம் நாளைக்கு யாரு பேசுறது? நான் அல்லா பேரால சொல்றேன், நீங்க அய்யனார் பேரால சொல்லுங்க."

சொன்னார்கள். ஊரே அவரை மெச்சியது. எனக்கும் அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

3

சாமிதுரை சடுகுடு பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனான். பஞ்சநதம் காலைப் பிடித்தான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள் பஞ்சநதத்தின் முழங்கால் சாமிதுரையின் வலது நெற்றிப்பொட்டில் இறங்கியது. வேண்டுமென்று இல்லை. [வேண்டுமென்றே என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். கதை உடனே மலிவாகிவிட்டது.]

குவியல் பிரிந்தபோது சாமிதுரை அசையாமல் கிடந்தான். சோடாவைப் பீய்ச்சினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், யாரோ டீக்கடையிலிருந்து காபித்தூளை அள்ளி வந்து அப்பினார்கள். லியாகத் அலி இரண்டு விரலை நீட்டினார்.

"எத்தனை?"

"ரெண்டு. ஏன் பாய், கடையில எண்ணிப் பழக்கமில்லையா?"

கூட்டம் சிரித்தது. ரத்தம் நின்றது. எல்லோருக்கும் ஆபத்து நீங்கிவிட்டது.*

* கட்டுரையிலிருந்து தப்பி வந்த பத்தி: முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சின்னக் கிழிசலும் பெரிதாகக் கொட்டும். ஊர் கிழிசலைப் பார்க்கும், அதன் பின்னால் இருக்கிற மண்டையை மறந்துவிடும். காபித்தூள் வேண்டாம், சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி சேர்கின்றனவா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா என்று பாருங்கள். விரலை எண்ணச் சொல்வது வீண் வேலை. நினைவு தப்பியவன் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது.

4

முடிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமப் புள்ளி. சாமிதுரை கோட்டருகே வந்து லியாகத் அலியின் காதோரம் கேட்டான்.

"பாய், நம்ம பக்கம் எது?"

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தார். இல்லை, நான் அவரைத் தப்பவிடப் போவதில்லை. கிண்டல் என்று நினைக்க விரும்பினார். சங்கத்தில் பாடிப் போக மிச்சமிருந்த ஒரே ஆளை இப்போது வெளியே உட்கார வைத்தால், பாய் பண்ணைக்கு விலை போய்விட்டார் என்று பேச்சு கிளம்பும். நடுநிலை என்று சம்பாதித்த பேர் ஒரு விசிலில் போய்விடும். இடது பக்கத்தைக் கை காட்டினார்.

சாமிதுரை மறுபடி பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். சங்கம் ஜெயித்தது. தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்தத் தலையோடு அவனைத் தோளில் போட்டுக் குலுக்கினார்கள்.

5

அவன் மனைவி ஞானாம்பாள் செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"மாட்டைக் கட்டிட்டியா?" என்றான்.

"கட்டியாச்சு."

ஒரு வாய் குடித்தான். "மாட்டைக் கட்டிட்டியா?"

"இப்பதானே சொன்னேன்."

"சரி சரி." செம்பைக் கொடுத்தான். "மாட்டைக் கட்டிட்டியா?"

உடனே வாந்தி எடுத்தான். தின்ற பொங்கல் செரிக்கவில்லை என்றார்கள். பிறகு தலை வலிக்கிறது என்று புங்க மரத்தடியில் சாய்ந்தான். தூங்கட்டும், எழுந்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஞானாம்பாள் நேரே லியாகத் அலியிடம் வந்தாள்.

"பாய், இவரு ஒரு பேச்சை ரெண்டு தரம் பேசுற ஆளு இல்ல. உள்ள என்னமோ ஆயிடுச்சு. தஞ்சாவூருக்குக் கொண்டு போகணும்."

"நிபந்தனை இருக்கேம்மா..."

"நிபந்தனை நீங்க போட்டது. புருஷன் என்னோடது."

ஊரில் கார் ஒன்றே ஒன்றுதான், பண்ணையுடையது. பஞ்சநதம் யாரையும் கேட்காமல் அதை ஓட்டி வந்து மரத்தடியில் நிறுத்தினான். சங்கத்து ஆட்கள் குறுக்கே நின்றார்கள். பண்ணை வண்டியில நம்ம ஆளை ஏத்துறதா என்று ஒருவன் கத்தினான்.

"வண்டி யாரோடதுன்னு அவரு பொழைச்சு வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் ஞானாம்பாள். வழி விட்டார்கள்.

6

காரை ஓட்டியது பஞ்சநதம், பக்கத்தில் லியாகத் அலி. பின்னால் ஞானாம்பாள், மடியில் சாமிதுரையின் தலை. அவன் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். கூப்பிட்டால் முனகினான்.

"மரத்துலேருந்து விழுந்துட்டான்னு சொல்லிடுவோம் பாய்," என்றான் பஞ்சநதம். "என் முழங்கால்னு எழுதுனா அரெஸ்ட்டுதான். அதுகூடப் பரவால்ல. சங்கத்துத் தலைவனைப் பண்ணை ஆளு மண்டையில அடிச்சான்னு ஊருல ஆயிடும். நாளைக்குப் பேச்சுவார்த்தை நடக்குமா? வைக்கோல்போரெல்லாம் எரிஞ்சிடும்."

அவன் சொன்னது பயத்தில் சொன்னது மட்டுமல்ல, உண்மையும்கூட. லியாகத் அலி தலையாட்டினார். இந்தத் தலையாட்டலில் அவருக்கும் ஒரு லாபம் இருந்தது. மரத்திலிருந்து விழுந்தவன் மறுபடி ஆடியிருக்க மாட்டான். ஆடாதவனை யாரும் ஆடவிட்டிருக்கவும் முடியாது. ஞானாம்பாள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

7

பெரியாஸ்பத்திரி. மேசைமேல் கிடத்தினார்கள். ட்யூட்டி டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"அடிபட்டதுலேருந்து இப்படியே மயக்கமா இருக்காரா? இல்ல, நடுவுல தெளிஞ்சு எழுந்தாரா?"

இந்தக் கதை எழுதப்பட்டதே இந்தக் கேள்விக்காகத்தான்.

 அந்தக் காலத்தில் மண்டைக்குள் பார்க்க ஸ்கேன் கிடையாது. கூட வந்தவர் சொல்வதுதான் ஸ்கேன். விழுந்ததிலிருந்து மயக்கம் என்றால் மூளை முழுதும் கலங்கியிருக்கலாம், வைத்துப் பார்ப்பார்கள். நினைவு தப்பி, தெளிந்து, பேசி, நடந்து, பிறகு மறுபடி மந்தமானால் மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே மண்டை ஓட்டைத் துளைத்து அதை வடித்துவிட வேண்டும். கண்மணி விரிவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா என்று என் டாக்டர் நண்பரிடம் கேட்டேன். "விரியுற வரைக்கும் காத்திருந்தா ஆளு போயிடுவான்யா" என்றார்.

முதல் பிரதியில் லியாகத் அலி இப்படிச் சொன்னார்:

"மரத்துலேருந்து விழுந்தாருங்க. அதுலேருந்தே இப்படித்தா

[அடித்துவிட்டேன். என் கதையில் ஒரு மனுஷன் ஊரின் அமைதிக்காகப் பொய் சொல்லலாம். தன் பேருக்காகவும் சொல்லலாம். ஆனால் ஞானாம்பாள் அங்கே நிற்கிறாள், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பார்வையின் கீழ் என்னால் அந்த வரியை முடிக்க முடியவில்லை.]

இரண்டாம் பிரதி:

"சடுகுடுங்க. முழங்கால் பட்டுச்சு. கொஞ்சம் நினைவில்லாம கிடந்தான். அப்புறம் எழுந்து நல்லாப் பேசினான். மறுபடி ஆடினான். நான்தான் நடுவர். நான்தான் ஆட விட்டேன்."

"யாரு முழங்கால்? எந்தப் பக்கம்?"

"என்னோடதுங்க," என்றான் பஞ்சநதம், தன் வலது நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டி. "இங்க. எழுதிக்குங்க."

டாக்டர் எழுதவில்லை. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார்.

8

இப்போது முடிவு. பத்திரிகை ஆசிரியர் சாமிதுரை பிழைக்க வேண்டும் என்கிறார். படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாதாம். என் நண்பர் ஒருவர், அவன் சாக வேண்டும், ஊர் எரிய வேண்டும், அதுதான் வரலாறு என்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. எது நடந்தது என்றும் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவேன், அதில் ஒரு ரகசியமும் இல்லை.

ஆனால் ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியாகிவிட்டது. வெளியே மரப் பெஞ்சில் மூன்று பேர். ஞானாம்பாள் அழவில்லை. புடவையில் ஒட்டிய காபித்தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தவள், லியாகத் அலி பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நம்ம பக்கம் எதுன்னு உங்ககிட்ட வந்து கேட்டாருல்ல? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறமும் ஏன் பாய் விட்டீங்க?"

அவருக்காக நான் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட அவளிடம் சொல்லும்படி இல்லை. அவர் எழுந்து போய்விட்டார் என்று எழுதினால் தப்பித்துக்கொள்வது நான்தான். அதனால் அவரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் உங்களை உட்கார வைக்கிறேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாமிதுரை என்ன ஆனான் என்று என்னிடம் பிறகு கேளுங்கள். முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.