நாலாவது ஜாக்கி

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்பை ஒட்டி, ஜெபசிங்கும் அவன் மனைவி எப்சிபாவும் சீசனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார்கள். கடை என்றால் கட்டடமில்லை. பழைய டிரெய்லர் ஒன்றுக்குள் அடுப்பும் சிலிண்டரும் வைத்து, பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்து வருவார்கள். வந்ததும் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மண்ணில் இறங்காமலிருக்க நாலு மூலையிலும் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியை ஊன்றி டிரெய்லரைத் தாங்க வைப்பான் ஜெபசிங். கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டத்தை டிரெய்லருக்குள் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்றால்தான் அடுப்பைப் பற்றவைக்க விடுவான்.

அந்தச் சனிக்கிழமை, வெள்ளத்தால் அடைத்து வைத்திருந்த அருவியைத் திறந்துவிட்டார்கள். டிரெய்லரை நிறுத்தும்போதே கார்கள் வரிசை கட்டி நின்றன. சகதியில் நின்று தின்ன யார் வருவார்கள் என்று யோசித்தவன், ஜாக்கிக்கு வைத்திருந்த பலகைகளில் ஒன்றை இரண்டு கல்லின் மேல் போட்டுப் பெஞ்சாக்கினான். நாலாவது ஜாக்கியை வெறும் மண்ணில் ஊன்றினான். ரசமட்டம் சரியாகத்தான் காட்டியது.

மதியம் சாரல் வலுத்து மண் இளகியது. டிரெய்லர் திடீரென்று ஒரு பக்கமாகச் சரிய, எண்ணெய்ச் சட்டி நழுவி எப்சிபாவின் வலது கையில் கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடிவந்தார்கள். கையில் தண்ணீரை ஊற்றி, சிப்ஸ் வாங்க வந்த ஒரு குடும்பத்தார் தங்கள் காரிலேயே அவளைத் தென்காசிக்குக் கூட்டிப்போனார்கள். காரில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

"கேஸை மூடிட்டுப் பின்னாலேயே வாரேன்," என்றான் ஜெபசிங்.

கேஸை மூடிவிட்டு இறங்கியவன், சாணளவுக்கு மண்ணில் புதைந்து கிடந்த ஜாக்கியைப் பார்த்தான். பெஞ்சுப் பலகையை உருவி அதற்கடியில் கொடுத்து, டிரெய்லரைப் பழையபடி நிமிர்த்தினான். பள்ளத்தையும் காலால் தள்ளி மூடினான். எதற்காக அதைச் செய்தோம் என்று பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் அவன் அம்மா ரத்தினம் ஆய்க்குடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதலில் ஐந்தருவிக்குப் போய்க் கடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"வண்டி சாஞ்ச மாதிரி இருந்துச்சு அத்தை," என்றாள் எப்சிபா.

"வண்டி நேராத்தாம்ட்டி நிக்கி. நான் பாத்துட்டுத்தான வாரேன்! அடுப்படியில நிக்கும்போது உன் புத்தி எங்க இருந்துச்சு?"

எப்சிபா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். திரும்பி வந்தபோதும் அம்மாவின் ஏச்சு ஓயவில்லை. எப்சிபா சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

ரத்தினம் ஊருக்குப் போன பிறகு எப்சிபா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, எனக்குத் தலைசுத்து எதுவும் வந்திருக்குமோ? எங்கம்மாவும் இப்படித்தான் அடிக்கடி விழுவா. டாக்டர்ட்ட சொல்லி தலையை ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா? இனி நம்பி எப்படி அடுப்புல நிக்க?"

ஜெபசிங்கால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உனக்கு ஒண்ணுமில்ல, எப்சி. வண்டிதான் சாஞ்சுது. ஜாக்கிக்கு அடியில பலகை போடாம விட்டது நாந்தான். நீ இங்க வந்த பொறவு நிமித்தி வச்சேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போ தலையில ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல."

பெருமூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் கண்ணீர் வந்தது. "பலகை போடாததுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அத்தை அந்தப் பேச்சு பேசுறாவ, நீங்க பிளாஸ்கைத் தூக்கிட்டுப் போறீயளே? நானே என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன்."

ஜெபசிங் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டான். பெஞ்சு, ஜாக்கி, மூடிய பள்ளம் என்று எதையும் விடாமல் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே பாவி," என்றாள் ரத்தினம். "அந்தப் பிள்ளையை நான் என்னெல்லாம் ஏசிட்டேன்! போனை அவகிட்ட குடு."

எப்சிபா வேண்டாம் என்று தலையசைத்தாள். "பெறவு பேசுதேன்னு சொல்லுங்க."

சாப்பாட்டு நேரம் வந்தது. அவன் இட்லியைப் பிட்டு அவள் வாயருகே கொண்டுபோனான்.

"ஸ்பூன் வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள். "இடது கை நல்லாத்தான் இருக்கு."

அவன் எழுந்து ஸ்பூன் வாங்கக் கடைக்குப் போனான்.