பதினான்கு முதல் பதினேழு வரை

என் பூட்டனார் சந்தியாப்பிள்ளைப் புலவர் 1889இல் ஐரோப்பா போனவர். மார்செய்யிலிருந்தும் பாரிசிலிருந்தும், யாழ்ப்பாணத்தில் தாம் நடத்திய மாதச் சஞ்சிகையின் அச்சுக்கூடத்தாருக்கு முப்பத்தொரு கடிதங்கள் எழுதினார். எந்த மாதம் எதைப் போடுவது, பயணக் கட்டுரையை எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். அவற்றையும் அந்தப் பயணக் கட்டுரைகளையும் புத்தகமாக்க நான் கையால் படியெடுத்தேன். அம்புறோஸ் கணினியில் அடித்தார்.

அம்புறோஸ், புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில் எங்கள் பங்குக் கோயில்காரர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை தோறும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் வீட்டுக்குப் போவேன். என் படிகளில் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் இலக்கம் இருக்கும். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் பழகியது.

அன்று, முந்தின வாரம் அடித்த பயணக் கட்டுரை ஒன்றை அம்புறோஸ் மறுபடி வாசித்துச் சிரித்தார்.

"அண்ணை, உங்கட பூட்டனார் ஒருக்காலாவது பெட்டி தூக்கினவரோ?"

"புலவர் ஏன் தூக்கிறார்? அதுக்குத்தானே வேலைக்காரன் இன்னாசியைக் கூட்டிக்கொண்டு போனவர்."

"பிறகெப்பிடி இது தெரியும்? 'கயிறு உள்ளங்கையை அறுக்குமுன் சுண்டுவிரலின் அடியை அறுக்கும்.' இருபத்திரண்டு வருஷம் தூக்கின கை சொல்லுது, உண்மை!"

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு பதினொன்றாம் கடிதத்தை எடுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"பதின்மூண்டுக்குப் பிறகு பதினெட்டு வருது. நாலு வரி எங்க?"

வரிகளை விட்டேனே தவிர, இலக்கத்தைப் பொய்யாகப் போட என் கை பழகியிருக்கவில்லை.

"அது... செல்லரிச்சுப் போச்சு."

"அப்ப அப்பிடியே போடுவம்." 'நான்கு வரிகள் செல்லரித்தன' என்று அடித்தார். "பாவம் மனுசன், என்ன எழுதினாரோ."

எழுத்தில் கண்டபோதுதான் அந்தப் பொய்யின் முழு அளவும் தெரிந்தது. மூலத்தாள் என் பையில்தான் இருந்தது, ஒரு மூலைகூட மடங்காமல். எடுத்துக் கொடுத்தேன். அம்புறோஸ் சத்தமாக வாசித்தார்.

"பிரயாண விருத்தாந்தம் முழுவதும் இன்னாசி எழுதியதே. அவன் நடை எனக்கு வாராது. ஆயினும் என் பேரிலேயே அச்சிடுக. அவன் பேரைக் கண்டால் நம் சாதியார் சஞ்சிகையைக் கையாலும் தொடார்."

இன்னாசியின் சாதிதான் அம்புறோசினதும். முப்பது வருடப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைக்காத விஷயம் அது.

"எப்ப கண்டனீங்கள்?"

"மாசியில."

"இப்ப ஐப்பசி." விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசமா அந்த மனுசன் எழுதினதை உங்கட பூட்டனாற்ர பேரில என்னைக் கொண்டே அடிப்பிச்சிருக்கிறியள்."

"பூட்டனாருக்கு வெக்கக்கேடாப் போயிடும் எண்டு..."

"அவருக்கோ, உங்களுக்கோ?"

"அந்த நாலு வரியையும் சேர்த்து அடியும், அம்புறோஸ். அட்டையில இன்னாசியின்ர பேரும் போடுவம்" என்றேன்.

"போடத்தான் வேணும்." கதிரையை விட்டு எழுந்தார். "ஆனா நான் அடிக்கமாட்டன். இருங்கோ. நீங்களே அடியுங்கோ."

எனக்குத் தட்டச்சுத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பொய் வரியை எப்படி அழிப்பது என்று காட்டினார். 'இன்னாசி'க்கு வேண்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது குசினிக்குள் போய்விட்டார். கூப்பிட எனக்கு முகம் இல்லை. 'தொடார்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக நானே தேடிக்கொண்டிருந்தேன்.